கூவி விற்பதன் அறிவியல்

சிறு வணிகத்தில் பேச்சுக்கு நான்கு வேலைகள் உண்டு: போகிறவரை நிறுத்துவது, பொருளைப் புரியவைப்பது, விலையை ஐயமில்லாமல் சொல்வது, நம்பிக்கையை உண்டாக்குவது. பெரிய நிறுவனங்கள் இவற்றை விளம்பரத்துக்கும் விற்பனைப் பிரிவுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. மெழுகுவர்த்திக் கடைக்காரரும், கடற்கரையில் மீன் வறுவல் கடை நடத்துபவரும், பத்து அறை உள்ள லாட்ஜை நடத்துபவரும் நான்கையும் தங்கள் ஒரே தொண்டையைக் கொண்டு செய்தாக வேண்டும்.

நாவன்மை பிறவியிலேயே வருவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒலியியலும் உளவியலும் கடந்த நூறாண்டில் கண்டறிந்தவை வேறு விதமாகச் சொல்கின்றன. பேச்சு எடுபடுவதும் எடுபடாமல் போவதும் பெரும்பாலும் கேட்பவரைப் பொறுத்தவை. அவருடைய காது எவ்வளவு பிரித்தறியும், கவனம் எதன் மேல் போகும், நினைவு எத்தனை செய்திகளைத் தாங்கும் என்பவற்றுக்கு எல்லைகள் உண்டு. அந்த எல்லைகளுக்கு ஏற்ப அமைந்த பேச்சு பலிக்கிறது. அவற்றை மீறும் பேச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் வீணாகிறது.

வேளாங்கண்ணியின் கடைத்தெரு

இதைக் கவனிக்க வேளாங்கண்ணி தகுந்த இடம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில், வயலும் கடலும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் இந்தப் பேரூரின் வாழ்வு ஆரோக்கிய அன்னை ஆலயத்தைச் சுற்றியே நடக்கிறது. ஆலயம் 1962இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றத்துடன் தொடங்கும் பெருவிழா, செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள் வரை நடக்கிறது. தமிழகத்தின் பல ஊர்களிலிருந்து காவி உடுத்திப் பாதயாத்திரையாக வருபவர்கள் தவிர, கேரளம், ஆந்திரம், கர்நாடகம், கோவா, மும்பை ஆகிய பகுதிகளிலிருந்தும் மக்கள் திரளாக வருகிறார்கள். மெழுகுவர்த்தி, பூமாலை, ஜெபமாலை, மாதா சுரூபம், காணிக்கைக்கான சிறு தொட்டில், தென்னங்கன்று, சங்கு, சிப்பிப் பொருட்கள் எல்லாம் ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றையொன்று ஒட்டிய கடைகளில் விற்கின்றன. பக்கத்துக் கடையிலும் ஏறக்குறைய அதே பொருள், அதே விலை. ஆகவே வாடிக்கையாளர் எந்தக் கடையில் நிற்பார் என்பதைப் பல நேரம் பேச்சே தீர்மானிக்கிறது. தலத்தின் மரபுக் கதையிலும் ஒரு சிறு வணிகர் உண்டு. வேளாங்கண்ணியின் நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற, நடக்க இயலாத சிறுவன் மாதா சொல்லியனுப்பிய செய்தியுடன் நாகப்பட்டினம் சென்று, அங்கிருந்த செல்வந்தர் ஒருவரை நம்பவைத்தான் என்கிறது அக்கதை.

கடைவாசல் பேச்சுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. சாதாரண நடையின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் அளவில் இருக்கும். கடையின் முகப்பு 3 மீட்டர் என்றால், போகிறவர் இரண்டரை நொடியில் கடந்துவிடுவார். இயல்பான பேச்சில் நொடிக்கு நான்கைந்து அசைகள் வரும். அப்படியானால் கடைக்காரர் கையில் இருப்பது பத்துப் பன்னிரண்டு அசைகள் மட்டுமே. உள்ளே வந்தவரிடம் பேச இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கலாம். மகளிர் குழுக் கூட்டத்திலோ, வங்கி மேலாளர் முன்போ, வணிகர் சங்கத்திலோ பேச ஐந்து, பத்து நிமிடம் கிடைக்கும். மூன்றும் வெவ்வேறு வகைப் பேச்சு. ஒன்றுக்குப் பொருந்தியது மற்றொன்றுக்குப் பொருந்தாது.

மேடைப் பேச்சு வந்த வழி

சந்தையில் கூவுவது மிகப் பழைய வழக்கம். முன்பின் அறியாத கூட்டத்தின் முன் நின்று, தொடர்ச்சியாக உரைநடையில் பேசுவது தமிழில் அவ்வளவு பழையது அல்ல. தமிழ் மேடைப் பேச்சை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட், அதன் வேர்களைப் புரொட்டஸ்டண்ட் பிரசங்கத்தில் காண்கிறார். புரொட்டஸ்டண்ட் மிஷனின் தொடக்கமும் இதே கடற்கரைதான். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்று, தமிழிலேயே போதித்தார். 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியபோது, அதே வடிவம் எதிர்த்தரப்பின் கருவியாகவும் மாறியது. சுதேசி இயக்கக் காலத்தில் அது கடற்கரைக்கும் தெருவுக்கும் வந்து அரசியலானது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் திராவிட இயக்க மேடையும், பின்னர் பட்டிமன்றமும் அதை ஊர்தோறும் கொண்டுசேர்த்தன.

இந்த வரலாற்றால் வணிகருக்கு ஒரு சிக்கலும் சேர்ந்தது. மைக்கைப் பிடித்தவுடன் செந்தமிழுக்கு மாறிவிடுவது தமிழ்ப் பேச்சாளரின் பழக்கம். அரசியல் மேடையில் அந்த நடை பேசுபவருக்குக் கனம் சேர்க்கும். கடனுக்கு விண்ணப்பிக்கும்போதோ பொருளின் பயன்பாட்டை விளக்கும்போதோ அதே நடை கேட்பவரைத் தள்ளி நிறுத்தும். வீட்டில் பேசும் தமிழை, சொற்களை விழுங்காமல் நிதானமாகப் பேசுவதே வணிகப் பேச்சுக்கு ஏற்றது.

தூரமும் இரைச்சலும்

திறந்த வெளியில் ஒலி எல்லாப் பக்கமும் பரவுவதால், தூரம் இருமடங்கு ஆகும்போதெல்லாம் அதன் அளவு 6 டெசிபல் குறைகிறது. சாதாரணப் பேச்சு 1 மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல் இருக்கும். 2 மீட்டரில் அது 54, 4 மீட்டரில் 48, 8 மீட்டரில் 42 டெசிபல். திருவிழாத் தெருவின் இரைச்சலை 70 டெசிபல் என்று கொண்டால், தெருவின் எதிர்ப்புறம் நிற்பவருக்குச் சாதாரணக் குரல் எட்டவே எட்டாது. குரலை இருமடங்கு முயன்று உயர்த்துவதைவிட, வாடிக்கையாளரை நோக்கி இரண்டு மீட்டர் முன்னால் வருவது மலிவான வழி. 4 மீட்டர் இடைவெளியை 2 மீட்டராகக் குறைத்தால் 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கிறது.

இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரான்சைச் சேர்ந்த காது-மூக்கு-தொண்டை மருத்துவர் எத்தியேன் லொம்பார் இதை 1911இல் விவரித்தார். லொம்பார் விளைவு என்றே இது அழைக்கப்படுகிறது. கடைத்தெருவில் இது சுழற்சியாகிவிடும். ஒருவர் குரலை உயர்த்த, அது அடுத்தவருக்கு இரைச்சலாகி அவரும் உயர்த்த, ஒரு மணி நேரத்தில் தெரு முழுக்கக் கத்தும். யாருக்கும் கூடுதல் பயன் இராது.

கத்துவதால் இன்னொரு நட்டமும் உண்டு. பேச்சில் ஒலியின் வலிமை பெரும்பாலும் உயிரெழுத்துகளில் இருக்கிறது. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையை மெய்யெழுத்துகளே அதிகம் செய்கின்றன. கத்தும்போது உயிரொலிகள் பெருகும் அளவுக்கு மெய்யொலிகள் பெருகுவதில்லை. சத்தம் கேட்கும், சொல் புரியாது. தமிழ் எண்களில் இது பண விவகாரம். அறுபது, எழுபது, எண்பது மூன்றும் ‘பது’ என்றே முடிகின்றன. வேறுபாடு முன்பாதியில்தான் இருக்கிறது. இரைச்சலில் முன்பாதி மங்கிப் பின்பாதி மட்டும் காதில் விழுந்தால், காசு கொடுக்கும் நேரத்தில் தகராறு வரும். விலையைச் சொல்லும்போது வேகத்தைக் குறைத்து, விரலையோ விலைப் பலகையையோ சேர்த்துக் காட்டுவது இந்தச் சிக்கலை எளிதாகத் தீர்க்கிறது.

மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் மிகக் கூர்மையாகக் கேட்கிறது. காதுக் குழாய் சுமார் 3,000 ஹெர்ட்ஸில் ஒத்திசைவதே இதற்குப் பெருங்காரணம். ஸ்வீடன் ஆய்வாளர் யோகன் சுன்ட்பெரி 1970களில் ஆராய்ந்தபடி, மேற்கத்திய ஓப்பராப் பாடகர்கள் தம் தொண்டையின் வடிவை மாற்றி இதே பகுதியில் ஒலியைத் திரட்டுகிறார்கள். பெரிய இசைக்குழுவையும் மீறி அவர்கள் குரல் கேட்பதற்கு அதுவே காரணம். நெடுநாள் கூவிப் பழகியவர்களின் குரல் கணீரென்று இருப்பதிலும் இதே பகுதிக்குப் பங்கு உண்டு. வெறும் உரத்த குரலைவிடக் கணீரென்ற குரல் தூரம் போகிறது.

கடற்கரையில் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தரைக்கு அருகில் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப்போக அதிகம். காற்றடிக்கும் திசையிலேயே போகும் ஒலியின் மேற்பகுதி வேகமாக நகர்வதால், ஒலி தரையை நோக்கி வளைகிறது. எதிர்க்காற்றில் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து கேட்பவர்களின் தலைக்கு மேலே போய்விடுகிறது. சில மீட்டர் தூரத்தில் இது தெரியாது. ஐம்பது, நூறு மீட்டரில் நன்றாகத் தெரியும். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று எழும்போது, மணலில் நின்று ஆலயத்தின் பக்கம் திரும்பிக் கூவும் குரல் எட்டும் தூரத்துக்குக் கடலைப் பார்த்துக் கூவும் குரல் எட்டாது.

குரல் பிறக்கும் இடம்

நுரையீரலிலிருந்து வரும் காற்று, குரல்வளையில் இருக்கும் இரு குரல்நாண்களை அதிரச் செய்வதால் குரல் பிறக்கிறது. இயல்பான பேச்சில் ஆண்களின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறையும், பெண்களுடையவை சுமார் 200 முறையும் அதிர்கின்றன. குரலின் உரம் முதன்மையாகக் குரல்நாண்களுக்குக் கீழே சேரும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. அந்த அழுத்தம் இருமடங்கானால் குரல் 8 அல்லது 9 டெசிபல் உயர்கிறது. எனவே உரத்துப் பேசத் தேவையான முயற்சி மூச்சில் இருக்க வேண்டும். வயிறு முன்னே வரும்படி ஆழமாக மூச்சிழுத்து, அந்தக் காற்றைச் சீராக விட்டுப் பேசினால் தொண்டைக்குச் சுமை குறைகிறது. கழுத்து நரம்பு புடைக்கத் தொண்டையை இறுக்கிக் கத்தினால், குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதும் வேகம் கூடிப் புண்ணாகின்றன.

கவனம் எதற்குத் திரும்பும்

பலர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் மனிதர் ஒரு குரலை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்பது எப்படி என்ற கேள்வியைக் காலின் செர்ரி 1953இல் சோதனைக்கு உட்படுத்தினார். ஒரு காதில் வரும் பேச்சைக் கவனிக்கும்படி சொன்னால், மறு காதில் வந்த பேச்சின் பொருளைப் பங்கேற்றவர்கள் ஏறக்குறைய முழுமையாகத் தவறவிட்டார்கள். 1959இல் நெவில் மோரே அந்தக் கவனிக்கப்படாத காதில் கேட்பவரின் பெயரையே சேர்த்தபோது, மூன்றில் ஒருவர் அளவுக்கு அதைக் கண்டுகொண்டார்கள். தனக்கு நெருக்கமான ஒலி, கவனத்தின் வேலியைத் தாண்டி உள்ளே வருகிறது.

வருகிறவர்களின் பெயர் கடைக்காரருக்குத் தெரியாது. மொழியை ஊகிக்கலாம். வேளாங்கண்ணியில் தமிழ் தவிர மலையாளம், தெலுங்கு, இந்தி ஆகியவற்றில் நான்கு வார்த்தையாவது பேசத் தெரிந்த வியாபாரிகள் இருப்பதன் பயன் இதில் விளங்கும். ‘சேட்டா’, ‘சேச்சி’ என்ற அழைப்புக்குக் கேரளத்துக்காரர் திரும்புவது மரியாதையால் மட்டும் அன்று. அந்நிய மொழி இரைச்சலுக்கு நடுவே தன் மொழி தனித்துக் கேட்பதாலும்தான். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களை அக்கா, அண்ணே, அம்மா என்று விளிப்பதும் பத்துப் பன்னிரண்டு அசைகளுக்குள் உறவை நிறுவிவிடுகிறது.

பேட்டரி ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவது இப்போது எல்லாச் சந்தைகளிலும் பரவியிருக்கிறது. தொண்டைக்கு அது ஓய்வு தருகிறது. கவனத்தை நெடுநேரம் ஈர்ப்பதில்லை. புதிய ஒலிக்கு மூளை திரும்பிப் பார்க்கும், மாறாமல் திரும்பத் திரும்ப வரும் ஒலியை ஒதுக்கிவிடும் என்பதை ரஷ்ய உளவியலாளர் யெவ்கெனி சோகலோவ் ஆராய்ந்து விளக்கினார். பதிவுக் குரல் சிறிது நேரத்தில் தெரு இரைச்சலின் பகுதியாகிவிடும். நேரில் பேசும் குரலில் ஏற்ற இறக்கமும் இடைவெளியும் மாறிக்கொண்டே இருப்பதால், அது எளிதில் பழகிப்போவதில்லை.

முகமும் காதுக்கு உதவும். இரைச்சல் அதிகமாக அதிகமாக, பேசுபவரின் உதடுகளைப் பார்ப்பதால் கிடைக்கும் பயன் கூடுகிறது என்று சம்பி, பொல்லாக் ஆகியோரின் 1954ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. கல்லாவைப் பார்த்துக்கொண்டோ, பொட்டலம் மடித்துக்கொண்டோ விலை சொல்பவர் இந்த உதவியை இழக்கிறார்.

பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கணக்கைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பேச்சின் பயனில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்பது அது. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்ட எண்கள் இவை. அந்தச் சோதனைகளில் தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியிலும் முகபாவத்திலும் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று மட்டுமே கேட்டார்கள். விலையையும் தரத்தையும் திரும்பக் கொடுக்கும் நிபந்தனையையும் விளக்கும் பேச்சுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே சொற்களே முதன்மை.

நினைவு தாங்கும் அளவு

ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தக்கூடிய செய்திகளின் எண்ணிக்கை ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். நெல்சன் கவன் 2001இல் அதை மறு ஆய்வு செய்து, நான்கு என்பதே உண்மைக்கு நெருக்கம் என்று வாதிட்டார். பெனட் மர்டாக் 1962இல் செய்த சோதனைகளில், பட்டியலின் தொடக்கமும் முடிவும் நினைவில் நின்றன, நடுப்பகுதி மங்கியது. லாட்ஜ்க்காரர் அறையின் பத்து வசதிகளை ஒரே மூச்சில் ஒப்பித்தால் வாடிக்கையாளருக்கு நினைவில் நிற்பவை இரண்டு மூன்றுதான். அவை எவை என்பதும் தற்செயலாகிவிடும். மூன்றை மட்டும் தேர்ந்து, மிக முக்கியமானதை முதலிலும் விலையைக் கடைசியிலும் வைத்தால், நினைவில் நிற்க வேண்டியவை நிற்கும்.

நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தின் ஏலம் இதற்கு நல்ல உதாரணம். மீன் கரைக்கு வந்ததும் ஏலம் விடுபவர் எல்லா விலைகளையும் நினைவூட்டுவதில்லை. கடைசியாகக் கேட்ட விலையை மட்டும் ஒரே சந்தத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்ற முடிவு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்தது. கூட்டத்தின் நினைவில் எந்த நேரத்திலும் ஓர் எண் மட்டுமே இருக்கிறது. எவ்வளவு இரைச்சலிலும் பேரம் குழம்பாமல் நடப்பது இதனால்தான்.

விற்பவருக்குப் பொருள் நன்றாகத் தெரிந்திருப்பதே சில நேரம் தடையாகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் 1990இல் செய்த சோதனையில், ஒருவர் பிரபலமான பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட, மற்றவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டியவர் மனத்தில் ஓடிய மெட்டு கேட்டவருக்குக் கேட்கவில்லை. பாரம்பரிய அரிசி விற்பவர் ‘இது காட்டுயானம்’ என்று சொல்லி நிறுத்திவிட்டால், நகரத்து வாடிக்கையாளரின் நிலையும் அதேதான். ஆறு மாதம் நிற்கும் பயிர், ஆளை மறைக்கும் உயரம், சிவப்பரிசி, கஞ்சிக்கு ஏற்றது என்று கண்ணில் தெரியும்படி சொன்னால் பெயருக்குப் பொருள் வருகிறது.

இந்தப் பேச்சைக் காவிரி டெல்டா விவசாயிகள் ஏற்கெனவே பொது மேடையில் பழகியிருக்கிறார்கள். திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், இயற்கை வேளாண்மை ஆர்வலர் நம்மாழ்வாரின் ஊக்கத்தில் நெல் ஜெயராமன் 2006இல் தொடங்கிய நெல் திருவிழா அதற்கு இடம் கொடுத்தது. விதை பெறும் விவசாயிக்கு 2 கிலோ கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெறும் முறை அங்கே நடந்தது. வந்தவர்கள் விதையுடன், அந்த ரகத்தை விளைவித்த விவசாயியின் பேச்சையும் கேட்டுச் சென்றார்கள். ஜெயராமன் 2018இல் மறைந்தபோது மீட்டெடுத்த ரகங்களின் எண்ணிக்கை 174. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக்கவுனி, தூயமல்லி போன்ற பெயர்கள் இன்று நகரத்துக் கடைகளில் விற்பனைப் பெயர்களாக நிலைத்திருப்பதில், அப்படி வயல் அனுபவத்தைக் கூட்டத்தின் முன் சொன்னவர்களுக்குப் பங்கு உண்டு.

கூச்சத்தின் உடலியல்

கடைவாசலில் நாள் முழுக்கக் கூவுபவர்கூட, வணிகர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் நடுங்குவதுண்டு. ஆபத்தைச் சந்திக்கும்போது உடலைத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலமே அப்போதும் வேலை செய்கிறது. அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கிறது, வாய் உலர்கிறது, மூச்சு மேலோட்டமாகிக் குரல் நடுங்குகிறது. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் வகுக்கப்பட்ட மன அழுத்தச் சோதனையில், முகபாவம் காட்டாத நடுவர்கள் முன் 5 நிமிடம் பேசவும், பிறகு 5 நிமிடம் மனக்கணக்குப் போடவும் வைக்கிறார்கள். மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் அளவை உயர்த்த ஆய்வகங்கள் இன்றும் இதையே அதிகம் பயன்படுத்துகின்றன. கூட்டத்தின் முன் பேசுவது அவ்வளவு உறுதியாக உடலை உலுக்குகிறது. எனவே கூச்சம் என்பது கோழைத்தனம் அல்ல.

இதைச் சமாளிக்க ஆய்வுகள் காட்டும் வழிகள் நான்கு. முதலாவது, தொடக்கத்தை மட்டும் மனப்பாடமாகப் பழகுவது. நன்கு பழகிய வேலையைப் பார்வையாளர்கள் முன் மனிதர் இன்னும் சிறப்பாகச் செய்கிறார், பழகாத வேலையில் தடுமாறுகிறார் என்று ராபர்ட் ஜயான்ஸ் 1965இல் தொகுத்துக் காட்டினார். முதல் மூன்று வாக்கியம் தானாக வந்துவிட்டால், அடுத்தவற்றுக்கு மனம் நிதானப்படுகிறது. இரண்டாவது, உள்ளே இருக்கும் படபடப்பு வெளியே முழுக்கத் தெரிவதில்லை என்று அறிந்திருப்பது. சவிட்ஸ்கி, கிலோவிச் ஆகியோர் 2003இல் இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிப் பேசவைத்தவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். மூன்றாவது, படபடப்பை அடக்க முயலாமல் ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று அதற்கு வேறு பெயர் கொடுப்பது. அலிசன் வுட் புரூக்ஸின் 2014ஆம் ஆண்டு ஆய்வில் இப்படிச் செய்தவர்களின் பேச்சு, அமைதியாக இருக்க முயன்றவர்களின் பேச்சைவிட மேலாக மதிப்பிடப்பட்டது. நான்காவது, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குவது. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே மெதுவாவதால், மேடையேறும் முன் ஐந்தாறு நீண்ட வெளிமூச்சு குரல் நடுக்கத்தைக் குறைக்கும்.

பழகும் இடங்கள்

நீண்ட நேரம் பேசுவதால் மட்டும் பேச்சு வளர்வதில்லை. உளவியலாளர் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வலியுறுத்தியது போல, ஒரு குறையைத் தனியாக எடுத்து, அதை மட்டும் திருத்தும் நோக்கத்துடன் பழகி, உடனே குறைநிறை கேட்டறிய வேண்டும். இன்று இதற்கு மிக எளிய கருவி கைபேசியின் ஒலிப்பதிவு. தன் குரலை முதன்முதலில் பதிவில் கேட்பவருக்கு அது பிடிப்பதில்லை. பேசும்போது ஒருவர் தன் குரலைக் காற்றின் வழியாகவும் மண்டை எலும்பின் வழியாகவும் சேர்த்துக் கேட்கிறார். எலும்பு கீழ்ச்சுருதிகளை நன்றாகக் கடத்துவதால் குரல் கனமாகத் தோன்றுகிறது. பதிவில் காற்றுவழி ஒலி மட்டுமே இருக்கிறது. மற்றவர்கள் எப்போதும் கேட்டுவருவது அந்தக் குரலைத்தான் என்று புரிந்துகொண்டால் கூச்சம் விலகிக் குறைகள் கண்ணில் படும்.

‘வந்து’, ‘அதாவது’, ‘என்னன்னா’ போன்ற இட்டுநிரப்பும் சொற்களைப் பதிவில் எண்ணிப் பார்க்கலாம். அவை முழுக்கக் குற்றமும் அல்ல. அடுத்த சொல் வரச் சிறிது நேரமாகும் என்று கேட்பவருக்கு அவை அறிவிக்கின்றன என்கிறது கிளார்க், ஃபாக்ஸ் ட்ரீ ஆகியோரின் 2002ஆம் ஆண்டு ஆய்வு. வாக்கியத்துக்கு வாக்கியம் வந்தால்தான் தொல்லை. அந்த இடத்தில் ஒரு நொடி மௌனம் போதும்.

அமெரிக்காவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி 1924இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தின் முறை இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. ஒவ்வொரு பேச்சுக்கும் நேரக் கட்டுப்பாடு, மதிப்பீட்டாளர், இட்டுநிரப்பும் சொற்களை எண்ணுபவர் எல்லாம் உண்டு. தமிழகக் கிராமங்களில் இதற்கு நிகரான பயிற்சிக் களம் மகளிர் சுய உதவிக் குழு. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் எங்கும் பரவிய இக்குழுக்களில், 12 முதல் 20 பெண்கள் தவறாமல் கூடி, சேமிப்பையும் கடனையும் பற்றி வாய்விட்டுப் பேசி முடிவெடுக்கிறார்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் வங்கிக்குப் போய்க் குழுவின் சார்பில் பேசுகிறார்கள். தெரிந்த முகங்கள், சிறு கூட்டம், தெரிந்த விஷயம், பிறகு சற்றே அந்நியமான இடம் என்று படிப்படியாகப் பழகும் இந்த அமைப்பு, பேச்சு அச்சத்தைப் போக்க உளவியலாளர்கள் பரிந்துரைக்கும் வரிசையையே ஒத்திருக்கிறது. கருவாடு, ஊறுகாய், பாய், தென்னைநார்ப் பொருள் விற்கும் குழுவில் விற்பனைப் பேச்சையும் சுழற்சி முறையில் எல்லோருக்கும் கொடுத்தால், குழுவின் திறன் ஒருவரை மட்டும் நம்பியிராது.

குரலின் நலமும் ஒலியின் சட்டமும்

நொடிக்கு 200 முறை அதிரும் குரல்நாண்கள் ஒரு மணி நேரக் குரலொலிப்பில் 7,20,000 முறை மோதுகின்றன. பதினொரு நாள் திருவிழாவில் விடாமல் கூவினால் அவை வீங்கும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் காய்ப்பு போன்ற முடிச்சுகள் தோன்றலாம். அடிக்கடி தண்ணீர் குடிப்பது, மணிக்கொருமுறை சில நிமிடம் பேசாமல் இருப்பது, ஆட்களை மாற்றிக்கொள்வது ஆகியவை எளிய காப்பு. தொண்டையைச் செருமுவது குரல்நாண்களை வேகமாக மோதவைப்பதால் அதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர் விழுங்கலாம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

ஒலிபெருக்கி வைப்பவர்களை 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55 டெசிபல் என்பது வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம்.

பேச்சு எதுவரை செல்லும்

பேச்சு வணிகத்தை எவ்வளவு தூக்கிவிடும், எங்கே நின்றுவிடும் என்பதற்குத் தமிழகக் கடற்கரையிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பங்குகளை விற்க அவர் ஊர் ஊராகச் சென்று பேசினார். பம்பாய் வரை போனார். பங்கின் விலை சிறு வணிகருக்கும் எட்டும் அளவில் இருந்ததால், கேட்டவர் அங்கேயே முடிவெடுக்க முடிந்தது. 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை இறக்கியது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் கைதானார். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. பேச்சால் முதலைத் திரட்ட முடிந்தது. நெடுநாள் நட்டத்தைத் தாங்கும் போட்டியாளரின் பண பலத்தையும் அரசின் அடக்குமுறையையும் பேச்சால் ஈடுகட்ட முடியவில்லை.

சிறு கடைக்கும் இந்த எல்லை உண்டு. பேச்சு முதல் விற்பனையைக் கொண்டுவரும். இரண்டாவது விற்பனை பொருளின் தரத்தைப் பொறுத்தது. பேச்சு உதவுகிறதா என்பதை ஊகத்துக்கு விடாமல் அளந்தும் பார்க்கலாம். கடையைக் கடக்கும் நூறு பேரில் எத்தனை பேர் நின்றார்கள், அவர்களில் எத்தனை பேர் விலை கேட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று நாளின் ஒரே நேரத்தில் சில நாள் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, அதே நேரத்தில் மீண்டும் எண்ண வேண்டும். நிற்பவர் குறைவாக இருந்தால் திருத்த வேண்டியது அழைப்பு. நின்றவர் கேட்காமல் போனால் விளக்கம். கேட்டவர் வாங்காமல் போனால் விலையும் பொருளும். அங்கே பேச்சைத் திருத்திப் பயனில்லை.